ஓர் எண்ணுக்காக நின்ற லாரிகள்

நான் வேலைக்குச் சேர்ந்த கன்டெய்னர் யார்டு திருவொற்றியூரைத் தாண்டி எர்ணாவூருக்குப் போகும் வழியில் இருந்தது. துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகள் டிரெய்லர் லாரிகளில் எங்களிடம் வரும். சுங்கத்துறையினர் பார்த்து முடித்ததும் சரக்குக்கு உரியவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். வரும்போது ஒரு கேட் பாஸ், போகும்போது ஒரு கேட் பாஸ். இரண்டும் கம்ப்யூட்டரில் பதிவாகி அச்சாகும். அந்தப் பதிவுகள் எல்லாம் போய்ச் சேர்கிற டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். எம்.கே.பி. நகரில் எங்கள் பிளாக்கில் யாரிடம் என் வேலையைச் சொன்னாலும், "டைப்பிங்கா?" என்றுதான் கேட்பார்கள். நானும் தலையாட்டிவிடுவேன்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த யார்டின் வியாதி தெரிந்துவிட்டது. காலையில் எல்லாம் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஸ்கிரீன்கள் ஒவ்வொன்றாக நிற்கத் தொடங்கும். முதலில் கேட் ஜன்னல், பிறகு எடை மேடை, பிறகு ஆவண கவுன்டர். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் பழைய டெர்மினல்கள் அவை. ஆட்கள் கீபோர்டைத் தட்டுவார்கள், டெர்மினலின் மண்டையில் தட்டுவார்கள், பிறகு என் அறையைப் பார்த்துக் கத்துவார்கள். வெளியே டிரெய்லர்கள் எண்ணூர் விரைவுச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிடும். நிலக்கரித் தூசி படிந்த அந்தச் சாலையில் பஸ்கூட நுழைய முடியாது. ஆரன் சத்தத்தில் போனில் பேச முடியாது.

எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் போகும்போது சொல்லிக்கொடுத்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். சர்வரை அணைத்துத் திரும்பப் போடு. போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி நிற்கும். மென்பொருள் எழுதிக்கொடுத்த கம்பெனிக்காரர்கள் பெரிய சர்வர் வாங்கச் சொல்லியிருந்தார்கள். அதற்கான ஃபைல் தலைமை அலுவலகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது.

என் அண்ணன் தண்டையார்பேட்டையில் ஒரு டிரான்ஸ்போர்ட்டில் டிரெய்லர் ஓட்டினான். வாரத்தில் பாதி நாள் எங்கள் யார்டு வரிசையில்தான் நிற்பான். சாயந்திரம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவான்.

"இன்னிக்கும் உன் மிசினு பட்த்துகிச்சா? எர்ணாவூர் முனையில வண்டிய போட்டுட்டு ஒக்காந்துகினு கீறேன். நீ உள்ள ஏசில கீற."

"ஏசி எனக்கு இல்ல, சர்வருக்கு. நா மட்டும் சும்மாவா கீறேன்? எத்தினி பேரு கத்தறாங்க தெரியுமா?"

"கத்தட்டும். வெளிய வந்து பாரு, எங்காளுங்க உன் கம்ப்யூட்டர இன்னா பேர் வெச்சு கூப்டறாங்கன்னு."

அந்தப் பெயரை அவன் அம்மா எதிரில் சொல்ல மாட்டான்.

ஒருநாள் ஸ்கிரீன்கள் நின்றபோது நான் சர்வரை அணைக்கவில்லை. இரண்டு நிமிடம் பொறுங்கள் என்று கேட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, சர்வர் எவ்வளவு வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பார்த்தேன். திணறிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். அது கிட்டத்தட்ட சும்மா இருந்தது. வாசலில் இத்தனை லாரி நிற்கும்போது அது மட்டும் காலை நீட்டி உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். வேலை தாங்காமல் மூச்சு வாங்கும் இயந்திரம் இப்படி இருக்காது. அப்படியென்றால் எல்லோரும் எதற்காகவோ காத்திருக்கிறார்கள். யாருக்காக?

டேட்டாபேஸில் ஒருவர் ஒரு வரியை மாற்றத் தொடங்கினால், அவர் சேமிக்கும்வரை அல்லது கைவிடும்வரை வேறு யாரும் அதை மாற்ற முடியாதபடி அது பூட்டிக்கொள்ளும். ஒரே பெட்டியை இரண்டு பேர் ஒரே நேரத்தில் வெளியே அனுப்பிவிடாமல் இருக்க அந்தப் பூட்டு வேண்டும். யார் எந்தப் பூட்டை வைத்திருக்கிறார்கள், யார் காத்திருக்கிறார்கள் என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி உண்டு. கேட்டேன். வரிசையாக வந்தது. இவர் அவருக்காக, அவர் இன்னொருவருக்காக. தொடர்ந்து போனால் எல்லா விரல்களும் ஒரே ஒருவரைக் காட்டின. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். இத்தனை லாரிகளையும் நிறுத்தி வைத்திருப்பது ஒரே ஓர் ஆள்.

அடுத்து அந்த ஆளின் பெயரைப் பார்த்தேன். பூட்டியவரின் பெயரும் காத்திருப்பவர்களின் பெயரும் ஒன்றாகவே இருந்தன. யார்டு முழுக்க எல்லோரும் ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில் உள்ளே நுழைந்தார்கள். அந்தப் பாஸ்வேர்டு ஒவ்வொரு டெர்மினலின் நெற்றியிலும் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தது. டிரைவர்கள்கூட ஜன்னலில் நின்று படித்துவிடலாம். எல்லா டெர்மினல்களும் ஒரே வழியாக வந்து சேர்ந்ததால், எந்த மேசையிலிருந்து என்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றும் சர்வரை அணைத்துத்தான் போட்டேன்.

மேலாளர் கப்பல் வேலையை விட்டுக் கரைக்கு வந்தவர். குரல் இன்னும் கடல்மேல்தான் இருந்தது. அவர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"புது சர்வருக்கு ஃபைல் போயிட்டிருக்கு. நீ இப்ப வந்து சர்வர்ல கோளாறே இல்லைங்கறே."

"சர்வர் சும்மாதான் சார் இருக்கு. யாரோ ஒருத்தர் ஒண்ணைப் பூட்டிட்டுப் போயிடறாங்க. அது யாருன்னு தெரியணும்னா ஆளுக்கு ஒரு பேரு, ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு வேணும். எப்படிப் பார்த்தாலும் அது வேணும் சார். இன்னிக்கு யார் வேணும்னாலும் யார் பெட்டிக்கும் பாஸ் போட்டு வெளிய அனுப்பிடலாம். யார் போட்டதுன்னே தெரியாது."

கடைசி வாக்கியம் அவரை நிமிர வைத்தது. "ஆள் தெரிஞ்சா என்ன செய்வே? வேலையை விட்டு எடுக்கச் சொல்வியா?"

"இல்ல சார். பக்கத்துல உக்காந்து அவர் என்ன செய்யறார்னு பார்ப்பேன்."

சரி என்றார்.

கேட்டில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. "இன்னா மேடம், எங்கள வேவு பாக்கறீங்களா?" என்றார் ஜன்னல்காரர் ஒருவர். எல்லோரும் கொஞ்சம் முறைத்தார்கள். முதலில் முன்வந்தவர் ஆவண கவுன்டரில் இருந்த பாய்தான். ராயபுரத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அந்த யார்டில் தரையில் ஜல்லி கொட்டிய காலத்திலிருந்து இருப்பவர். எல்லோருக்கும் அவர் பாய்தான்.

"எனுக்கு குட்ங்க மேடம். நாளைக்கு என் பேர சொல்லி வேற எவனாவது பாஸ் போட்டா, அப்பால என்ன இல்ல கேப்பாங்க? நான் பட்டது போதும்."

என்ன பட்டார் என்று நான் அப்போது கேட்கவில்லை. அவர் வாங்கிக்கொண்டதும் மற்றவர்களும் வாங்கிக்கொண்டார்கள். டெர்மினல்களின் நெற்றியிலிருந்த சீட்டுகளை நானே போய்க் கிழித்தேன்.

அதற்குப் பிறகு ஸ்கிரீன்கள் நிற்பதற்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன். அப்படி ஓர் ஆசை எனக்கு முன்பு வந்ததில்லை. வெயில் ஏறியது. கேட்டிலிருந்து, "மேடம், நின்னுட்சி" என்று குரல் வந்தது. அதே கேள்வியை டேட்டாபேஸிடம் கேட்டேன். எல்லா விரல்களும் மறுபடி ஒருவரையே காட்டின. இந்த முறை பெயர் இருந்தது. பாய்.

இருக்காது என்று மறுபடி கேட்டேன். பாய்தான்.

அவர் கவுன்டருக்கு ஓடினேன். நாற்காலி காலி. டெர்மினலில் புது கேட் பாஸ் ஸ்கிரீன் பாதி நிரப்பிய நிலையில் திறந்திருந்தது. கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரர் யார்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய சந்துகளுக்குள் அவரைத் தேடிப் போனேன். ஓர் அடுக்கின் கீழே, கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, மேலே இருந்த பெட்டியின் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இங்க என்ன பாய் பண்றீங்க?"

"பொட்டி கீதான்னு பாக்கறேன் மேடம்."

"ஸ்கிரீன்லதான் இருக்குன்னு போட்டிருக்குமே?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனவரின் முகம்.

"ஸ்கிரீன்ல கீதுன்னு தான் போடும். போன வருசம் கஸ்டம்ஸ்காரங்க வந்து ஒரு பொட்டிய காட்டுன்னாங்க. மிசினு கீதுன்னு சொல்து. யார்டு முச்சூடும் தேடறேன், இல்ல. பாத்தா அது அதுக்கு மின்ன மாசமே வெளிய பூட்ச்சு. பாஸ் போட்டவனே நான் தான். பாஸு காப்பி கீது, மிசின்ல மட்டும் போன கணக்கு இல்ல. நீ சேவ் பண்லன்னு மெமோ குட்த்தாங்க. நான் பண்ணேன் மேடம். சேவ் ஆய்ட்ச்சுன்னு அதுவே தான் சொல்ச்சு."

"அதுக்கப்புறம்?"

"அப்பால இன்னா? எந்தப் பொட்டிக்கு பாஸ் கேட்டாலும், கண்ணால பாத்துட்டு வந்து தான் சேவ் பண்றது. எனுக்கு என் கண்ணு போதும்."

நான் ஒரு விஷயத்தை நினைத்துப் பார்த்தேன். பாதி நிரப்பிய அந்த ஸ்கிரீனின் மேலே கேட் பாஸ் எண் ஏற்கெனவே வந்திருந்தது.

"பாய், பாஸ் நம்பர் எப்ப வருது? சேவ் பண்ணதும் வருதா?"

"இல்லியே. ஸ்கிரீன தொற்ந்த ஒடனே மேல வந்து ஒக்காந்துக்கும்."

அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் யார்டில் கேட் பாஸ் எண்கள் ஒரே வரிசை. உள்ளே வரும் லாரி, வெளியே போகும் லாரி, எடை மேடை, எல்லாவற்றுக்கும் அதே வரிசைதான். அடுத்த எண் என்ன என்பது டேட்டாபேஸில் ஒரே ஒரு வரியில் இருந்தது. பாய் ஸ்கிரீனைத் திறந்ததும் அந்த வரியிலிருந்து எண் எடுக்கப்படும், வரி பூட்டிக்கொள்ளும். அவர் சேமித்தால்தான் திறக்கும். மற்றவர்கள் திறந்து மளமளவென்று அடித்துச் சேமித்துவிடுவதால் யாருக்கும் தெரியவில்லை. வெயில் ஏறி, பெட்டி எடுக்க ஆட்கள் வரத் தொடங்கியதும் பாய் மட்டும் எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு யார்டுக்கு நடந்துவிடுகிறார். அவர் திரும்பி வரும்வரை மொத்த யார்டுக்கும் அடுத்த எண் கிடையாது.

"பாய், சீக்கிரம் வாங்க. போய் சேவ் பண்ணுங்க."

"இருங்க மேடம், இந்த நம்பர முழுசா—"

"அது இருக்கு பாய், நான் பார்த்துட்டேன். வாங்க."

இரண்டு பேரும் வேகவேகமாக நடந்தோம். அவர் மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்து மீதியை அடித்தார். சேமிக்கும் பொத்தானை அமுக்கினார். அமுக்கிய அந்தக் கணமே கேட் பக்கமிருந்து, "வந்துட்சி, வந்துட்சி" என்று குரல் எழுந்தது. எடை மேடையிலிருந்து விசில் வந்தது. பிரின்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டு ஓட ஆரம்பித்தன. யாரும் சர்வரைத் தொடவில்லை.

பாய் அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு தன் விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்போ லாரிங்க எல்லாம் என்னால தான் நின்னுகினு இருந்துச்சா மேடம்?"

"உங்களால இல்ல பாய். ஸ்கிரீன் உங்ககிட்ட பொய் சொல்லுச்சு. அதனால நீங்க பார்க்கப் போனீங்க. அது ஏன் பொய் சொல்லுதுன்னு நான் கண்டுபிடிக்கறேன்."

அன்று மத்தியானம் சாப்பாட்டைத் திறக்கவில்லை. பாஸைச் சேமிக்கும் நிரல் டேட்டாபேஸுக்குள்ளேயே இருந்தது. வரிவரியாகப் படித்தேன். பெட்டி வெளியே போனதைப் பதிவு செய், யார்டில் இல்லை என்று மாற்று. கடைசியில், இதில் ஏதாவது பிழை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுத ஓர் இடம். அங்கே எழுதியிருந்தது இவ்வளவுதான்: என்ன பிழை வந்தாலும் ஒன்றும் செய்யாதே. அதற்குக் கீழே, சேமிக்கப்பட்டது என்று திரையில் காட்டு, பாஸை அச்சடி.

பதிவே ஆகாமல் பாஸ் அச்சாகியிருக்கிறது. லாரி பாஸைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறது. டேட்டாபேஸில் மட்டும் அந்தப் பெட்டி யார்டிலேயே நின்றுகொண்டிருக்கிறது. இல்லாத பெட்டிகள்.

மென்பொருள் கம்பெனிக்குப் போன் போட்டேன். பேசியவர் ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். "அது அப்படித்தான் மேடம் எழுதுவோம். எரர் வந்தா யூசர் பயந்துடுவாங்க."

"யூசர் பயப்படலைங்க. பெட்டியைத் தேடிக்கிட்டு வெயில்ல அலையறார்."

அவருக்கு அது புரியவில்லை. ஆனால் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள், பொறுப்பு உங்களுடையது என்றார். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மேலாளர் எதிரில் பாயை உட்கார வைத்து ஸ்கிரீனைத் திறக்கச் சொன்னேன். கேட் நின்றது. சேமிக்கச் சொன்னேன். கேட் ஓடியது. இரண்டாவது முறை மேலாளரே, "இன்னொரு தடவை செய்" என்றார். செய்தோம். அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கேட் மூடியிருக்கும், அன்று மாற்றிக்கொள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனபோது பாய் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். அவரை யாரும் வரச் சொல்லவில்லை. டேட்டாபேஸிலேயே எண் கொடுப்பதற்கென்று ஒரு வசதி உண்டு. கேட்டவுடன் அடுத்த எண்ணைக் கொடுத்துவிட்டு அது பாட்டுக்கு இருக்கும், யாருக்காகவும் எதையும் பூட்டாது. நடுவில் ஓர் எண் வீணாகலாம், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. எண்ணை அங்கிருந்து, அதுவும் சேமிக்கும்போது மட்டும் எடுக்கும்படி மாற்றினேன். பிழை வந்தால் பாதி செய்ததை எல்லாம் ரத்து செய், காரணத்தைத் திரையில் காட்டு, பாஸ் அச்சடிக்காதே என்று எழுதினேன். பாய் தன் ஸ்கிரீனைத் திறந்து வைத்துவிட்டு யார்டுக்குள் நடந்து போனார். நான் கேட் ஜன்னலில் உட்கார்ந்து பாஸ் போட்டேன். நிற்காமல் வந்தது. அவர் தூரத்திலிருந்து, "வர்தா?" என்று கேட்டார். "வருது பாய்" என்று கத்தினேன். ஆளில்லாத யார்டில் எங்கள் குரல் பெட்டிகளில் மோதித் திரும்பியது.

திங்கட்கிழமை முற்பகல் வரை நான் மிதந்துகொண்டிருந்தேன். லாரிகள் வந்தன, போயின. வழக்கமாக நிற்கும் நேரம் வந்தது, நிற்கவில்லை. நான் எழுந்து கேட்டைப் பார்க்கப் போகும்போது ஜன்னல்காரர் கூப்பிட்டார்.

"மேடம், இன்னாமோ எரர்னு வர்து."

திரையில் பிழைச் செய்தி. அடுத்த ஜன்னலிலும் ஒன்று. பாயின் கவுன்டரில் ஒன்று. பாஸ் அச்சாகவில்லை. வெளியே போக வேண்டிய டிரெய்லர்கள் வாசலிலேயே நின்றன. அவற்றுக்குப் பின்னால் மற்றவை. கொஞ்ச நேரத்தில் பழைய ஆரன் சத்தம் முழுதாகத் திரும்பிவிட்டது. மேலாளர் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"இதுக்கு முன்னாடி நின்னு நின்னாவது போச்சு. இப்ப போகவே மாட்டேங்குது. பழசையே போட்டுடு."

"பழசுலயும் இந்த எரர் இருந்துச்சு சார். காட்டாம மறைச்சுச்சு. இப்பதான் முதல் தடவையா நம்ம கண்ணுக்குத் தெரியுது. கொஞ்சம் டைம் குடுங்க."

"லாரிக்காரன் குடுக்கணும் டைம்."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மறித்து நின்ற வண்டிகளில் மூன்றாவதில் என் அண்ணன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கதவுக்கு வெளியே தலையை நீட்டி, ரொம்ப மரியாதையாக, "மேடம், இன்னிக்கு வுடுவீங்களா, இல்ல வூட்ல சொல்லி சோறு இட்டார சொல்லட்டா?" என்றான். பக்கத்து வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். அவன் என் அண்ணன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

பிழைச் செய்தி சொன்னது இதுதான்: கொடுத்த விவரம் அதற்கான இடத்தைவிட நீளம். எந்த விவரம் என்று சொல்லவில்லை. பாஸில் அத்தனை கட்டங்கள் இருந்தன. நான் கேட் ஜன்னலிலேயே உட்கார்ந்து, நின்றுபோன பாஸ்களின் காகிதங்களை வாங்கிப் பரப்பினேன். பாய் தன்னுடையதை எடுத்துக்கொண்டு வந்து என் தோளுக்கு மேலே குனிந்தார்.

"எல்லாம் ஒரே லைன்காரன் பொட்டி மேடம்" என்றார் சட்டென்று.

"ஒரே கப்பல் கம்பெனியா?"

"ஆமா. இவன் சீல பாருங்க. மத்தவன்து எல்லாம் சின்ன நம்பரு. இவன்து ரயிலு மாதிரி போய்கினே இருக்கும்."

பெட்டியின் கதவைப் பூட்டி முத்திரை வைக்கும் சீலின் எண். திரையில் எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் அடிக்க இடமிருந்தது. டேட்டாபேஸில் அதற்கு ஒதுக்கிய இடம் பத்து எழுத்துதான். இந்தக் கம்பெனியின் சீல் எண் அதைத் தாண்டியது. ஆக, இத்தனை காலமாக இந்தக் கம்பெனியின் பெட்டிகள் எல்லாம் வெளியே போகப் போக, பதிவு மட்டும் ஆகாமலே இருந்திருக்கிறது. பாய்க்கு மெமோ வாங்கிக்கொடுத்த பெட்டி யாருடையது என்று அவரிடம் கேட்டேன். அவர் விரல் அதே காகிதத்தின் மேல் இருந்தது.

"இவன்து தான்" என்றார் மெதுவாக.

இடத்தைப் பெரிதாக்க ஒரே ஒரு கட்டளை போதும். ஆனால் அந்த நேரத்தில் யாரும் பாஸ் பதிவுகள் இருக்கும் அட்டவணையில் எதையும் பாதியில் வைத்திருக்கக் கூடாது. மேலாளரிடம் ஓடினேன். "சார், எல்லாரும் ஸ்கிரீனை விட்டு வெளிய வரணும். கொஞ்ச நேரம் யாரும் எதையும் தொடக் கூடாது."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு கப்பல்குரலில் கத்தினார். "எல்லாரும் வெளிய வாங்க. கையை எடுங்க." பாய் மேசை மேசையாகப் போய், "மூடு, மூடு, கைய எட்றா" என்று விரட்டினார். என் அறைக்கு வந்து கட்டளையை அடித்தேன். முடியாது, யாரோ இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்றது.

போன மாதமாக இருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன். இப்போது பெயர் வந்தது. எடை மேடைக்காரர்.

"பாய், எடை மேடை."

பாய் என் அறை வாசலிலேயே நின்றிருந்தார். ஒன்றும் கேட்காமல் ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடியதைப் பார்த்துக் கேட்டில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எடை மேடைக்காரர் ஒரு லாரியை மேடையில் நிறுத்திவிட்டு, மாற்றிய எடையைச் சேமிக்காமல் ஸ்கிரீனைத் திறந்த மேனிக்கு டீ குடிக்கப் போயிருந்தார். பாய் அந்த ஸ்கிரீனை மூடிவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினார். ஜன்னல்காரர் அதைப் பார்த்து என் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். நான் மறுபடி கட்டளையை அடித்தேன்.

ஆயிற்று என்று வந்தது. கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"போடுங்க" என்று கத்தினேன். முதல் ஜன்னலில் அந்த நீளமான சீல் எண்ணை அடித்தார்கள். சேமித்தார்கள். திரையில் பிழைச் செய்தி வரவில்லை. பிரின்டர் ஓடியது. நான் பாஸை நம்பாமல் டேட்டாபேஸுக்குள்ளேயே போய்ப் பார்த்தேன். பெட்டி வெளியே போனதாகப் பதிவாகியிருந்தது, சீல் எண் கடைசி எழுத்து வரைக்கும். அடுத்து இரண்டாவது, மூன்றாவது. முதல் டிரெய்லர் உறுமிக்கொண்டு கேட்டைத் தாண்டியது. அண்ணன் போகும்போது ஜன்னலுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனான். மேலாளர் என் அறை வாசலில் நின்று யாரையோ கூப்பிட்டு எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார்.

அன்று அண்ணன் யார்டுக்கும் துறைமுகத்துக்கும் இரண்டு நடை அடித்தான். சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது வியாசர்பாடி முனையில் பீஃப் பக்கோடா வாங்கி வந்திருந்தான். பொட்டலத்தை என் மடியில் போட்டுவிட்டு, பிளாக்கில் எல்லோருக்கும் கேட்கும்படி, "டைப்பிங் இல்லபா, லாரிய நவுத்தறவ" என்றான்.

அந்த வாரம் முழுக்க நானும் பாயும் இல்லாத பெட்டிகளைத் தேடினோம். டேட்டாபேஸ் யார்டில் இருப்பதாகச் சொன்ன பெட்டிகளை எடுத்துக்கொண்டு சந்து சந்தாகப் போவோம். ஒரு பெட்டி இல்லை என்று தெரியும்போதெல்லாம் எங்களுக்குப் புதையல் கிடைத்ததுபோல இருக்கும். பாய் காலி இடத்தின் முன்னால் நின்று, "இவனும் பூட்டான்" என்பார். நான் பாஸ் காப்பியைச் சரிபார்த்துப் பதிவைத் திருத்துவேன். முடிந்ததும் மேலாளர் பாயைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, மெமோவைத் திரும்பப் பெற்றுவிட்டதாகச் சொன்னார். பாய், "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். என் அறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் சேவ் பண்ணேன்னு அன்னிக்கே சொன்னேன்மா" என்றார். அன்றிலிருந்து அவருக்கு நான் மேடம் இல்லை.

புது சர்வர் ஃபைலை மேலாளரே திரும்ப வாங்கிவிட்டார். எனக்கு வேலை குறையவில்லை. மறைந்திருந்த பிழைகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தலை காட்டின. ஒரே பெட்டிக்கு இரண்டு பாஸ், இல்லாத தேதி, தவறான எடை. ஒவ்வொன்றையும் பிடித்துச் சரிசெய்வது எனக்குப் பண்டிகையாக இருந்தது. பாய்க்கு அந்தப் பரபரப்பு தொற்றிக்கொண்டது. கவுன்டரிலிருந்து குரல் கொடுப்பார், ஏதோ நல்ல செய்தி வந்துவிட்டதைப் போல.

"யம்மா, சீக்கிரம் வா. புச்சா ஒரு எரர் வந்துகீது."